டிரெட்மில்லும் கொடிக்கயிறும்: தாமிரபரணிக் கரை வீட்டு ஜிம்களின் உள்ளலங்காரம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

திருநெல்வேலி வீட்டில் எழுதப்படாத மூலை இல்லை என்பது பொதுவான எண்ணம். புதுமைப்பித்தன் தொடங்கி வண்ணதாசன், வண்ணநிலவன், கலாப்ரியா ஈறாக இவ்வூர் எழுத்தாளர்கள் வளவு, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டிவிட்டார்கள். தொ. பரமசிவன் உப்பு, எண்ணெய், தேங்காய் முதலான அன்றாடப் பொருள்களைக் கொண்டே பண்பாட்டு வரலாறு எழுதினார். ஆனால் பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் ஆகிய குடியிருப்புகளின் மாடி அறைகளில் துண்டு போர்த்தி நிற்கும் டிரெட்மில்லைப் பற்றி முறையான ஆய்வு ஏதும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்லியலிலிருந்து தொடங்குவது மரபு. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள், ஈட்டிமுனை, பொன் நெற்றிப்பட்டம் ஆகியவற்றை எடுத்தார். அவர் எடுத்தவற்றுள் டம்பெல் இல்லை. இரும்பை உருக்கத் தெரிந்த சமூகம், அதைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைப்பதற்காக உருக்கவில்லை என்பது இதனால் பெறப்படும். அவர்களும் வாங்கினார்கள், பயன்படுத்தாமல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த மைத்துனருக்குத் தள்ளிவிட்டார்கள் என வாதிடுவோரும் இருக்கலாம். அதை மறுக்கவும் சான்றில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடுகளின் எண்ணிக்கையும் முகவரியும் வெளியிடப்படவில்லை. வெளியிட்டால் இவ்வாய்வாளர் அடுத்த கல்யாண வீட்டுக்குப் போக முடியாது.

2. திணை வரையறை

எதையும் முதல், கரு, உரி எனப் பகுத்துக் காண்பது நம் வழக்கம். வீட்டு ஜிம்முக்கு முதற்பொருளில் நிலம், பத்துக்குப் பத்து மாடி அறையும் அறை சார்ந்த இடமும். பெரும்பொழுது, ஜனவரி முதல் வாரம். சிறுபொழுது, வைகறை, அதாவது அலாரம் அடித்து அணைக்கப்படும் நேரம்.

கருப்பொருளில் தெய்வம், சுவர் ஸ்டிக்கரில் கதையோடு நிற்கும் அனுமன். உணவு, டப்பாவில் வரும் புரோட்டீன் மாவு. அம்மாவு தீர்ந்தபின் அல்வா. பறை, புளூடூத் ஸ்பீக்கர். மரம், மூலையில் நிற்கும் பிளாஸ்டிக் மூங்கில். விலங்கு, பல்லி. இவ்வறையில் தவறாமல் தினமும் ஓடுவது இதொன்றே.

உரிப்பொருள், ஓடுதலும் ஓடுதல் நிமித்தமும். நிமித்தமாவன: ஷூ வாங்குதல், வியர்வை உறிஞ்சும் பனியன் வாங்குதல், நாடி பார்க்கும் கைக்கடிகாரம் வாங்குதல், இவற்றை அணிந்து படம் எடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்புதல். களத்தில் பெரிதும் காணக் கிடைப்பது நிமித்தமே, ஓடுதல் அரிது.

3. வரலாற்றுப் பின்புலம்

டிரெட்மில் வீட்டுப் பொருளாகப் பிறந்ததன்று. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர், கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பொறாமல், ஒரு படிச்சக்கரத்தை வடிவமைத்தார். படி கீழே இறங்கும், கைதி மேலே ஏறுவார், கடைசியில் இருந்த இடத்திலேயே இருப்பார். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் 1895இல் பென்டன்வில் சிறையில் இதில் ஏற நேர்ந்தது. 1898ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தைத் தொடர்ந்து இங்கிலாந்து இத்தண்டனையைக் கைவிட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 1968இல், அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர், வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்க டிரெட்மில்லைச் செய்து விற்றார். அரசு இலவசமாகத் தந்த தண்டனையை மக்கள் மாதத் தவணையில் வாங்கும் காலம் இவ்வாறு பிறந்தது.

நம் நாட்டுச் சிறைகளில் அவ்விடத்தில் இருந்தது செக்கு. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. கோவைச் சிறையில் அதை இழுத்தார். அவர் பெயர் தாங்கிய பாளையங்கோட்டை மைதானத்தில் இன்று காலைதோறும் ஆட்கள் தாமே விரும்பி வந்து சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். இவ்விரண்டு சுற்றுகளையும் ஒப்பிட்டு எழுத இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை, மேலே செல்வோம்.

இம்மண்ணுக்கே உரிய பயிற்சிக் கருவிகள் கர்லாக்கட்டையும் இளவட்டக்கல்லும். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். 45 கிலோவில் தொடங்கும் கற்கள் நூறு கிலோவைத் தாண்டிப் போகும். உள்ளலங்கார நோக்கில் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கல் கிடப்பது பொதுவிடத்தில். சுவர் இல்லை, விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. பார்க்க ஊரே நின்றதால் கண்ணாடிக்கு வேலை இருக்கவில்லை. ஊர் பார்ப்பதை நிறுத்திய பிறகுதான், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஆறடி உயரக் கண்ணாடி சுவருக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகப் புகழ்பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ இந்தியாவுக்கு வந்து போனார். அவர் விற்ற ஸ்பிரிங் டம்பெல்லை இன்று யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. அவர் பெயரில் வழங்கும் கையில்லா பனியன் மட்டும் தமிழ்நாடெங்கும் நிலைத்துவிட்டது. அது இப்போது எங்கே காய்கிறது என்பதை ஏழாம் பகுதியில் காண்க.

4. மூலைக் கோட்பாடுகள்

டிரெட்மில்லை எந்த மூலையில் வைப்பது என்பதில் மூன்று மரபுகள் மோதுகின்றன.

முதலாவது கன்னிமூலை மரபு. கனமான பொருள் எல்லாம் தென்மேற்கில் இருக்க வேண்டும், டிரெட்மில் கனமானது, ஆகவே தென்மேற்கு. பீரோவும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதால், இம்மரபைப் பின்பற்றும் வீடுகளில் ஓடுபவர் பீரோக் கதவோடு தோள் உரசியே ஓடுகிறார். இரண்டாவது அக்கினிமூலை மரபு. மோட்டார் சூடாகும், சூடாவதெல்லாம் நெருப்பின்பாற்படும், ஆகவே தென்கிழக்கு. அங்கே அடுக்களை இருப்பதால், இட்லி வேகும் மணத்தில் ஓடும் ஒருவர் எத்தனை நிமிடம் தாங்குவார் என்ற கேள்வி எழுகிறது. மூன்றாவது வாயுமூலை மரபு. ஓடுவது காற்று, ஓடினால் இரைப்பதும் காற்று, ஆகவே வடமேற்கு. சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று பள்ளத்தாக்கு நெடுகப் புகுந்து வருவதால், மேற்கே சன்னல் வைத்த அறை ஆனி, ஆடியில் விசிறி வேண்டாமல் குளிரும். மூன்றினுள் அறிவுக்கு ஒத்தது இதுவே. ஆதலால் இதை யாரும் பின்பற்றுவதில்லை.

களத்தில் கண்ட உண்மை வேறு. 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் எந்த மூலையில் இருக்கிறதோ அதுவே டிரெட்மில்லின் மூலை. வாஸ்து பார்ப்பவருக்குத் தெரியாத இவ்வுண்மை எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். ஓர் அறைக்கு அத்தகைய பாயிண்ட் ஒன்றுதான் இருக்கும்; அதையே ஏ.சி.யும் கேட்கும். சித்திரை பிறந்ததும் இவ்விரண்டுக்கும் போட்டி மூளும். திருநெல்வேலி வெயிலில் எது வெல்லும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை.

5. அளவுகள்

வீட்டு டிரெட்மில் ஏறக்குறைய ஆறடி நீளம், இரண்டரை முதல் மூன்றடி அகலம். ஓடுபவர் கால் தவறினால் பின்னால் எறியப்படுவார் என்பதால், எந்திரத்துக்குப் பின்னே ஆறடி வெற்றிடம் விடுமாறு கையேடுகள் சொல்கின்றன. ஆறும் ஆறும் பன்னிரண்டு. அறையோ பத்தடி. ஆகவே கையேட்டின்படி ஓடுபவரின் பாதுகாப்பு, சுவருக்கு அப்பால் இரண்டடி தள்ளி, பக்கத்து வீட்டுக்காரரின் சந்தில் அமைகிறது.

உயரத்திலும் சிக்கல் உண்டு. ஓடுதளம் தரையிலிருந்து ஏறத்தாழ எட்டு அங்குலம். ஐந்தடி எட்டு அங்குல மனிதர் அதில் ஏறினால் ஆறடி நான்கு அங்குலம். ஓடும்போது துள்ளுவதற்கு ஓர் அரையடி சேர்க்க வேண்டும். அறையின் லாஃப்டோ ஏழடியில் தொடங்குகிறது. அதில் பித்தளை அண்டாவும் சீர்வரிசைக் குத்துவிளக்கும் இருக்கின்றன. எஞ்சிய இரண்டு அங்குலத்தில்தான் இவ்வட்டாரத்து உடற்பயிற்சி நடைபெறுகிறது. இந்நிலையில் உள்ளலங்காரக் கலைஞர் வந்து முதல் வேலையாக ஃபால்ஸ் சீலிங் போட்டு விட்டத்தை மேலும் தாழ்த்துகிறார். அதற்குள் நீல நிற விளக்கு ஓடவிடுகிறார். அது எதற்கு என்று கேட்டால், “மூடு வரும் அண்ணாச்சி” என்பது விடை.

பழைய வீட்டுக்கு இத்தொல்லை இல்லை. கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்து வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. திண்ணையில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிட அடுக்களையிலிருந்து நடந்து, திரும்பி நடந்து, அவர் வராததால் மீண்டும் நடந்தால் ஒரு நாளைக்குரிய நடை முடிந்தது. ஓடுதளம் நகரவில்லை, மனிதர் நகர்ந்தார் என்பதே வேறுபாடு. நடந்தவர் யார், கூப்பிடப்பட்டவர் யார் என்பது எட்டாம் பகுதிக்குரியது.

6. தரை விரிப்பும் ஒரு வரலாற்று முரணும்

ஜிம் தரைக்கு ரப்பர் விரிப்பு இன்றியமையாதது என்கிறார்கள் உள்ளலங்காரத் துறையினர். அதன்மேல் யோகாவுக்கு என்று தனியாக வழுக்காத மேட் ஒன்று. இங்கே இவ்வாய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பை முன்வைக்க வேண்டியிருக்கிறது.

சேரன்மகாதேவிக்கு அருகே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, நாராகக் கிழித்து, பட்டுத்துணி அளவுக்கு மடிக்கத் தக்க பாய் நெய்யும் ஊர். நெய்பவர்களில் பெரும்பாலோர் இசுலாமியப் பெண்கள். அப்பாய்க்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதே பத்தமடையில் 1887இல் குப்புசாமி என்ற பையன் பிறந்தார். மருத்துவம் படித்து, மலாயாவில் வேலை பார்த்து, பின்பு ரிஷிகேசம் போய்ச் சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவர் 1957இல் மேற்கே அனுப்பிய சீடர் விஷ்ணுதேவானந்தர் கனடாவின் மாண்ட்ரியலில் யோகா மையம் தொடங்கினார். உலகெங்கும் சிவானந்தர் பெயரில் யோகா பரவியது.

ஆக, பாய் நெய்யும் ஊர் யோகாசிரியரைக் கொடுத்தது. மேற்கத்தியர்கள் யோகாவை எடுத்துக்கொண்டார்கள், பாயை இங்கேயே விட்டுப் போனார்கள். வெறுந்தரையில் வழுக்கியபோது, கம்பளம் நகராமல் இருக்க அடியில் போடும் ரப்பர்த் தாளை விரித்துப் பார்த்தார்கள். யோகா மேட் பிறந்தது. அம்மேட் கடல் தாண்டி, இணையக் கடை வழியாக, பத்தமடையைக் கடந்து செல்லும் அதே அம்பை ரோட்டில் கூரியர் வேனில் வந்து இறங்குகிறது. பத்தமடைப் பாயோ மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாயாக, பீரோவின் மேல், பிளாஸ்டிக் உறையில், சுருட்டியபடி இருக்கிறது. அது தரையைத் தொட்டால் அழுக்காகிவிடுமாம்.

7. இடப்பெயர்ச்சி விதி

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளில் நின்று நின்று கீழிறங்கி, புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. டிரெட்மில்லும் நின்று நின்றே பயணிக்கிறது; ஆனால் கீழிருந்து மேலே.

முதல் நிலை, பட்டாசல். வாங்கிய புதிதில் வருபவர் போகிறவர் பார்க்க டி.வி.க்கு எதிரே நிற்கும். ஓடுபவரின் தலை டி.வி.யை மறைக்கும். சீரியல் நேரத்தில் இது பெரும் பூசலாக மாறும். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற தாக்கல் வந்ததும் எந்திரம் அன்றிரவே நகர்த்தப்படும்.

இரண்டாம் நிலை, படுக்கையறை. இங்கே ஒருவர் ஓட, மற்றவர் தூங்க வேண்டும். சில நாளில் இருவரும் தூங்குவது என்ற இணக்கம் ஏற்படும்.

மூன்றாம் நிலை, மாடி அறை. இப்போதுதான் உள்ளலங்காரக் கலைஞர் அழைக்கப்படுகிறார். அதாவது, ஓடும் ஆசை இருக்கும்போது அலங்காரம் தேவைப்படுவதில்லை. ஆசை போனபின், அறை அழகாக இல்லாததே காரணம் என்ற முடிவுக்கு வீட்டார் வருகிறார்கள். கண்ணாடிச் சுவர், நீல விளக்கு, ‘நோ பெயின் நோ கெயின்’ என்ற எழுத்துகள் எல்லாம் இக்கட்டத்துக்குரியவை. இவ்வலங்காரத்தால் அறை அடையும் நன்மை ஒன்றுண்டு: வெளிச்சமும் காற்றும் உள்ள, தூசி படாத, பூட்டி வைக்கத் தக்க இடமாக அது மாறிவிடுகிறது. துணி காயப்போட இதைவிடச் சிறந்த இடம் ஒரு வீட்டில் இல்லை.

ஐப்பசி அடைமழையில் இம்மாற்றம் முழுமை பெறுகிறது. வெளிக்கொடி நனைந்துகொண்டிருக்க, ஈரத்துணி மாடி ஏறுகிறது. பொருள்கள் அமரும் முறையிலும் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. இடக் கைப்பிடியில் துண்டுகள். வலக் கைப்பிடியில் முன் சொன்ன சாண்டோ பனியன்கள். வேகம் காட்டும் பலகையின்மேல் பள்ளிக்கூட டை. டம்பெல் தாங்கியின் இருபுறமும் காலுறைகள். ஓடுதளத்தின்மேல், இன்னும் மடிக்கப்படாதவை. கம்பெனிகள் இவ்வெந்திரங்களுக்குத் தாங்குதிறன் நூறு கிலோ அல்லது அதற்கு மேல் எனக் குறிக்கின்றன. ஒரு கூட்டுக் குடும்பத்தின் ஈர ஜமுக்காளங்களைச் சேர்த்தாலும் அவ்வெல்லை மீறப்படுவதில்லை. ஆகவே பாதுகாப்பு நோக்கில் இப்பயன்பாடு குற்றமற்றது. உரிப்பொருள் இங்கே திரிந்து, காயப்போடுதலும் காயப்போடுதல் நிமித்தமும் ஆகிறது.

நான்காம் நிலை, தட்டட்டித் தகரக் கொட்டகை. மோட்டார் நின்றுவிட்ட எந்திரம் பங்குனி வெயிலைப் பார்த்தபடி இருக்கும். ஓடுதளம் கறுப்பு நிறமாதலால் வெயிலை நன்றாக வாங்கும். வேட்டி விரித்துக் கூழ்வற்றல் பிழிய ஏற்றது. இதற்கு மேல் நிலை இல்லை. பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.

8. உழைப்பு எங்கே போயிற்று?

மேற்கண்ட தரவுகள் ஒரு கேள்வியில் வந்து முட்டுகின்றன. திருநெல்வேலி வீட்டில் உடற்பயிற்சிக் கூடம் புதிதா?

பழைய வீட்டின் அமைப்பை நோக்குக. புறவாசலில் கிணறும் ராட்டும்: முதுகுக்கும் தோளுக்கும். இரண்டாங்கட்டில் உரலும் உலக்கையும்: மேற்கைக்கு. ஆட்டுரல்: மணிக்கட்டுக்கு. அம்மி: முன்கைக்கு. குறுக்குத்துறைப் படியில் துவைகல்: உடல் முழுமைக்கும். அங்கிருந்து ஈரத்துணி மூட்டையோடு வீடு வரை: நடை. ஒவ்வொரு கருவிக்கும் உரிய இடம், வெளிச்சம், தண்ணீர் வசதி எல்லாம் கொத்தனாரால் முன்கூட்டியே திட்டமிடப்பட்டன. இது முழுமையான வீட்டு ஜிம் என்பதில் ஐயமில்லை. உறுப்பினர் கட்டணம் இல்லை, விடுமுறையும் இல்லை, உறுப்பினர்கள் அனைவரும் பெண்கள். ஆண்கள் திண்ணையில் இருந்தார்கள்.

1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி ஆட்டுரலுக்கு மோட்டார் வைத்தார், கிரைண்டர் வந்தது. பின்னாலேயே மிக்சி, தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின். ஒரு மோட்டார் எடுத்துக்கொண்ட உழைப்பை வேறொரு மோட்டார் திருப்பித் தருகிறது, அதுவே டிரெட்மில். இரண்டுக்கும் கரண்டு பில் நாமே கட்டுகிறோம் என்பது பலரும் கவனித்தது. கவனிக்காதது இது: எடுத்தது ஆச்சியிடம், கொடுத்தது பேரனிடம்.

இது பற்றித் தகவலாளர் ஒருவரிடம், டவுணில் வளவு வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓர் ஆச்சியிடம், அந்த நாளே உடம்புக்கு நல்லது இல்லையா எனக் கேட்கப்பட்டது. “நல்லதா? ஏ அய்யா, அந்தப் பாடு என்னோட போட்டும். மாவாட்டி மாவாட்டித்தான் இந்தக் கை இப்படிக் கெடக்கு” என்றார். டிரெட்மில் பற்றிய கருத்தும் பதிவு செய்யப்பட்டது: “நடக்கதுக்கு ரோடு கெடக்கு. நின்ன எடத்துலயே நடக்கதுக்கு எதுக்கு கரண்டு?” பழமையைப் போற்றி உரலை மீண்டும் கொண்டுவரச் சொல்லும் ஆய்வாளர்கள், அதை ஆட்டப்போவது யார் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இன்று அதே வீட்டில், வாஷிங் மெஷினிலிருந்து ஈரத்துணியைக் குனிந்து எடுத்து, வாளியோடு மாடி ஏறி, கை உயர்த்தி உதறிப் போட்டு, மாலையில் எடுத்து மடித்து, படி இறங்குபவர் யார் என்று பார்த்தால், ஜிம் அறையில் நாள் தவறாமல் உடற்பயிற்சி செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது புலப்படும். அவருக்காக அங்கே கண்ணாடி பதிக்கப்படவில்லை, ஷூவும் வாங்கப்படவில்லை. ஆகவே ‘வீட்டு ஜிம் பயன்படாமல் கிடக்கிறது’ என்ற பரவலான புகார் தவறு. அது நன்றாகவே பயன்படுகிறது. யாருக்காக வாங்கப்பட்டதோ அவரால் அன்று.

9. பரிந்துரைகள்

அ. உள்ளலங்காரக் கலைஞர்கள் வரைபடத்தைக் கொடிக்கயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். விட்டத்தில் கப்பி வைத்துக் கயிற்றை இழுத்தால் ஏறி இறங்கும் கொடிகள் கடைகளில் கிடைக்கின்றன. போன கிணற்று ராட்டு திரும்பி வந்ததாகவும் இருக்கும், டிரெட்மில்லின் கைப்பிடியும் விடுபடும்.

ஆ. ஃபால்ஸ் சீலிங் தவிர்க்கப்பட வேண்டும். மேற்குச் சன்னல் திறக்கப்பட வேண்டும். அதைப் பெயின்ட் அடித்து மூடியவரே நெம்பித் திறக்கட்டும். அதுவும் கைக்கு நல்ல பயிற்சி.

இ. பீரோ மேல் இருக்கும் பத்தமடைப் பாய் கீழே இறக்கப்பட வேண்டும். அதில் படுத்து ஒருவர் சவாசனம் மட்டுமே செய்தாலும் சிவானந்தர் பிறந்த ஊருக்கு மரியாதை.

ஈ. ஓட வருபவர், எந்திரத்தின்மேல் உள்ள துணிகளைக் கட்டிலில் குவிக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்து, அவரவர் பீரோவில் கொண்டுபோய் வைத்துவிட்டே ஏற வேண்டும். குனிதல், நிமிர்தல், கை உயர்த்தல், படி இறங்கி ஏறல் யாவும் இதில் அடங்கும். அதன்பிறகும் தெம்பிருந்தால் ஓடத் தடையில்லை.

மேலாய்வுக்குரியது ஒன்று எஞ்சுகிறது: எக்சர்சைஸ் சைக்கிள். டிரெட்மில்லைவிட விலை குறைவாயிருந்தும், இடம் குறைவாக அடைத்தும், அது ஏன் இவ்வட்டாரத்தில் வேரூன்றவில்லை? மூன்று துண்டுக்கு மேல் அதில் தாங்காது என்பது முதற்கட்டக் கருதுகோள்.